கோஜிராவின் தோல்

காட்ஸில்லா என்று உலகம் அழைக்கும் ராட்சத விலங்கின் ஜப்பானியப் பெயர் கோஜிரா. கொரில்லாவைக் குறிக்கும் ‘கொரிரா’வையும் திமிங்கிலத்தைக் குறிக்கும் ‘குஜிரா’வையும் ஒட்டவைத்த பெயர் அது. உருவத்தில் இரண்டின் சாயலும் இல்லை. இரு காலில் நிமிர்ந்து நடக்கும் பல்லி, முதுகு நெடுகத் தகடுகள், கட்டடங்களை வாரி அடிக்கும் வால், வாயிலிருந்து கதிரியக்க மூச்சு. 1954 நவம்பர் 3 அன்று தோஹோ நிறுவனம் வெளியிட்ட ‘கோஜிரா’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தில் அது முதன்முதலில் தலைகாட்டியது. ஜப்பானியர் இவ்வகை விலங்குகளைக் ‘கைஜூ’ என்பார்கள். விசித்திர மிருகம் என்று பொருள்.

இந்த உடலில் பல்லையும் நகத்தையும்விடக் கவனிக்க வேண்டியது தோல். பாம்புக்கும் முதலைக்கும் இருப்பதுபோல ஒழுங்கான செதில் வரிசை அதில் கிடையாது. வெந்து ஆறிய இடத்தில் சதை தடித்து முண்டும் முடிச்சுமாக நிற்பதுபோல் இருக்கும். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் பிழைத்தவர்களின் முதுகிலும் கையிலும் இருந்த கீலாய்டுத் தழும்புகளோடு இதை ஒப்பிடாத ஆய்வாளர் குறைவு. அணுகுண்டின் உருவகம் என்று கோஜிராவைச் சொல்வது வழக்கம். அது பாதி சரி. படத்தின் கதைப்படி கோஜிரா குண்டு போட்டதல்ல, குண்டு பட்டது. கடலடியில் தன் பாட்டுக்குக் கிடந்த ஒரு பழம்பிராணியை ஹைட்ரஜன் குண்டுச் சோதனை பொசுக்கி எழுப்பிவிடுகிறது. எரிப்பதும் எரிந்ததும் ஒரே உடலாக இருப்பதால்தான், பின்னால் வந்தவர்கள் அதற்குள் எந்தப் பொருளையும் வைத்துத் தைக்க முடிந்தது.

படத்துக்கு விதை விழுந்தது அதே ஆண்டு மார்ச் 1 அன்று. பசிபிக் கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ‘காசில் பிராவோ’ என்ற ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. சுமார் 6 மெகாடன் எதிர்பார்த்த இடத்தில் 15 மெகாடன் வெளிப்பட்டது. ஹிரோஷிமாக் குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே சூரை பிடித்துக்கொண்டிருந்த ‘தாய்கோ ஃபுகுர்யு மாரு’ என்ற மரப்படகின் மேல் சில மணி நேரத்தில் வெண்ணிறத் தூள் கொட்டியது. பொடியாகிப்போன பவளப்பாறைதான் அது. படகில் இருந்த 23 பேரும் தலையில் படிந்ததைக் கையால் தட்டிவிட்டு, தூண்டில் கயிறுகளை இழுத்து முடித்து, இரண்டு வாரம் கழித்து யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பினார்கள். பத்திரிகைகள் அந்தத் தூளைச் ‘சாவுச் சாம்பல்’ என்று எழுதின. படகின் பெயருக்கு ‘ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்’ என்று பொருள். படகில் ரேடியோவை இயக்கிய குபோயாமா ஐகிச்சி செப்டம்பர் 23 அன்று இறந்தார்.

நூற்றுக்கணக்கான படகுகள் கொண்டுவந்த மீன் கொட்டிப் புதைக்கப்பட்டது. மீன் இல்லாமல் சோறு இறங்காத நாட்டில் சந்தை வெறிச்சோடியது. தோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் குடும்பப் பெண்கள் தொடங்கிய கையெழுத்து இயக்கம் அடுத்த ஆண்டுக்குள் 3 கோடியைத் தாண்டியது. எதிரொலி இந்தியாவிலும் கேட்டது. ஏப்ரல் 2 அன்று நேரு நாடாளுமன்றத்தில் அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்றார். எட்டு ஆண்டு கழித்து, 1962-இல், முதுமையிலும் ராஜாஜி வாஷிங்டனுக்குப் போய் அதே கோரிக்கையைக் கென்னடியிடம் வைத்தார்.

தோஹோவின் தயாரிப்பாளர் தனாகா தொமொயூக்கி அப்போது வேறொரு கவலையில் இருந்தார். இந்தோனேசியாவோடு சேர்ந்து எடுக்கவிருந்த படம், அந்நாடு விசா தர மறுத்ததால் நின்றுபோனது. காலியான இடத்தை நிரப்ப அவசரமாக ஒரு கதை தேவைப்பட்டது. ‘கிங் காங்’ 1952-இல் மறுவெளியீடாகி நல்ல வசூல் பார்த்திருந்தது. அணுவெடிப்பில் விழித்தெழும் பிராணியைக் காட்டிய அமெரிக்கப் படம் ஒன்று 1953-இல் வந்திருந்தது. இரண்டையும் மீன்படகுச் செய்தியையும் தனாகா முடிச்சுப் போட்டார். காலி இடத்தை நிரப்பக் கூட்டிய கதையில் ஒரு நாட்டின் துக்கம் முழுவதும் வந்து தங்கியது சினிமாவின் தற்செயல்களில் ஒன்று.

முழுக்கத் தற்செயல் என்றும் சொல்லிவிட முடியாது. இயக்குநர் ஹோண்டா இஷிரோ பலமுறை படைக்கு அழைக்கப்பட்டுச் சீனாவில் போரிட்டவர், அங்கே போர்க்கைதியாக இருந்தவர். 1946-இல் ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கடந்து வந்தார். தந்திரக் காட்சிகளைச் செய்த த்சுபுராயா எய்ஜியின் கதை இன்னும் விசித்திரம். பேர்ல் ஹார்பர் தாக்குதலைக் கொண்டாடும் 1942-ஆம் ஆண்டுப் பிரசாரப் படத்துக்குத் துறைமுகத்தையும் போர்க்கப்பல்களையும் சிற்றுருவாகச் செய்து எரித்தவர் அவர். அந்தக் கைதான் 1954-இல் தோக்கியோவைச் சிற்றுருவாகச் செய்து எரித்தது. இசையமைப்பாளர் இஃபுகுபே அகிரா, போர்க்காலத்தில் மர ஆராய்ச்சியில் இருந்தபோது கதிர்வீச்சுக்கு ஆளாகி உடல்நலம் கெட்டவர். கோஜிராவின் உறுமல் எந்த விலங்கின் குரலும் இல்லை. டபுள் பேஸ் வாத்தியத்தின் நரம்பைத் தளர்த்தி, குங்கிலியம் பூசிய தோல் கையுறையால் இழுத்து எடுத்த ஒலி. அதில் கோபத்தைவிட வலி கூடுதலாகக் கேட்பதற்கு அந்தச் செய்முறையும் ஒரு காரணம்.

பொம்மையை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படமெடுக்கும் முறையைத்தான் த்சுபுராயா விரும்பினார்; நாள் போதவில்லை. ஆகவே மனிதன் உள்ளே நுழைந்து நடிக்கும் உடை தைக்கப்பட்டது. முதல் உடை ஏறக்குறைய 100 கிலோ. அதற்குள் நுழைந்த நகாஜிமா ஹருவோவால் ஒரு மூச்சில் பத்து மீட்டர் நடப்பதே பெரும்பாடு. உயிர்க்காட்சிச் சாலையில் யானையும் கரடியும் கால் பதிப்பதை நின்று பார்த்து அவர் நடை பழகினார். 1972 வரை அந்த உடையை விடவில்லை. கேமராவை வேகமாக ஓட்டிப் படம்பிடித்து இயல்பு வேகத்தில் காட்டியதில் அசைவு மந்தமாகி, எடை கூடித் தெரிந்தது. கோஜிராவின் உயரம் 50 மீட்டர் என்று வைத்ததற்கும் கணக்கு உண்டு. கட்டடங்கள் 31 மீட்டருக்கு மேல் எழக்கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. கூரைகளுக்கு மேலே தலை தெரிய 50 மீட்டர் போதும்.

படத்தில் நகரம் அழியும் நேரம் குறைவு. அழிந்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் ஹோண்டா நின்று நிதானிக்கிறார். ரயிலில் ஒரு பெண், நாகசாகியிலிருந்து தப்பி வந்ததே பெரும்பாடு என்று அலுத்துக்கொள்கிறாள். தீ சூழ்ந்த தெருவோரம் ஒரு தாய், சீக்கிரம் அப்பாவிடம் போய்விடுவோம் என்று குழந்தைகளை அணைத்துக்கொள்கிறாள். மறுநாள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாயோடு பாயாக மனிதர்கள் கிடக்கிறார்கள். ஒரு குழந்தையின் மேல் கைகர் கருவியைப் பிடித்துப் பார்ப்பவர் தலையை மட்டும் அசைக்கிறார். அரங்கில் இருந்தவர்களுக்கு இதில் கற்பனை எதுவும் இல்லை. 1945 மார்ச் 9 இரவு தொடங்கிய தீக்குண்டு வீச்சில் தோக்கியோவில் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்து ஒன்பதே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. (ஜுராசிக் காலம் இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியது என்று படத்தின் தொல்லுயிர் அறிஞர் யமனே முழங்குவதை அன்றைய பள்ளிப் பிள்ளைகள் மன்னித்திருப்பார்கள்.)

நாடாளுமன்றக் காட்சி ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். கோஜிரா ஹைட்ரஜன் குண்டால் எழுந்தது என்று வெளியே சொன்னால் வெளிநாட்டு உறவு கெடும், மூடி வையுங்கள் என்கிறார் ஓர் உறுப்பினர். பெண் உறுப்பினர்கள் எழுந்து எதிர்க்கிறார்கள். 1952 ஏப்ரல் வரை ஜப்பான் அமெரிக்க ஆக்கிரமிப்பில் இருந்தது. அணுகுண்டின் விளைவுகளை எழுதவும் படமெடுக்கவும் தணிக்கை தடையாக இருந்தது. படமும் அந்தத் தயக்கத்திலிருந்து முழுக்க விடுபடவில்லை. சோதனை நடத்திய நாட்டின் பெயரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமலே கதையை முடிக்கிறது. இன்னொரு மௌனமும் உண்டு. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. தோக்கியோ பட்டதை நினைக்கும் படம், ஜப்பானியப் படை ஆசியாவில் செய்ததை நினைப்பதில்லை. இயக்குநர் சீனாவில் இருந்தவர் என்ற தகவலோடு பார்த்தால் இந்த இடைவெளி உறுத்தும்.

முடிவு செரிசாவா என்ற விஞ்ஞானியின் கையில் இருக்கிறது. போரில் ஒரு கண்ணை இழந்த அவர், நீரில் உள்ள ஆக்சிஜனை அழிக்கும் ஒரு பொருளைத் தற்செயலாகக் கண்டுபிடித்து ஒளித்து வைத்திருக்கிறார். வெளியே தெரிந்தால் அரசுகள் அதையும் ஆயுதமாக்கும் என்பது அவர் பயம். கடைசியில் குறிப்புகளை எரித்துவிட்டுக் கடலில் இறங்கி, கோஜிராவோடு தன்னையும் முடித்துக்கொள்கிறார். காகிதத்தை எரித்தாலும் மூளையில் இருப்பது எரியாது என்று அவருக்குத் தெரியும். அணுகுண்டு செய்த விஞ்ஞானிகள் செய்யாத ஒன்றைக் கதை அவரைச் செய்யவைக்கிறது. கரையில் யாரும் ஆரவாரிப்பதில்லை. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொன்று வரும் என்று யமனே முணுமுணுக்கிறார்.

1956-இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் போனபோது இந்தத் தோலுக்குள் இருந்தது உருவி எடுக்கப்பட்டது. 96 நிமிடப் படம் சுமார் 80 நிமிடமானது. ரேமண்ட் பர் என்ற நடிகரை அமெரிக்க நிருபராக நடிக்கவைத்து இடையிடையே ஒட்டினார்கள். நாகசாகிப் பெண்ணும் யமனேயின் எச்சரிக்கையும் காணாமல் போய், உலகம் நிம்மதியாக மூச்சுவிடுவதாகக் கதை முடிந்தது. ரப்பர் உடையைக் காட்டிச் சிரிக்கும் மேற்கத்திய வழக்கத்தின் வேர் பெரும்பகுதி இந்த வெட்டில் இருக்கிறது. மூலப்படம் 2004-இல்தான் அங்கே பரவலாகத் திரையிடப்பட்டது.

ஜப்பானிலும் பொருள் மாறிக்கொண்டே வந்தது. 1962-இல் கிங் காங்கோடு மோதிய படம் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைத் திரையரங்குக்கு இழுத்தது. 1964-இல் மூன்று தலை கிடோரா விண்ணிலிருந்து வந்தபோது கோஜிரா பூமியின் பக்கம் சேர்ந்துகொண்டது. 1967-இல் அதற்கு ஒரு குட்டியும் கிடைத்தது. பொருளாதாரம் வளர்ந்து, தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்து, பார்வையாளர்கள் சிறுவர்களாகிப்போன காலத்தில் தழும்பைத் தடவிப் பார்க்க யாருக்கும் மனமில்லை. இந்த வரிசையில் விதிவிலக்கு 1971-இல் பன்னோ யொஷிமித்சு இயக்கிய ‘கோஜிரா எதிர் ஹெடோரா’. ‘ஹெடோரோ’ என்றால் கழிவுச் சேறு. படத்தில் அந்தச் சேற்று மிருகம் தலைதூக்கும் சுருகா விரிகுடாவின் கரையில்தான், 17 ஆண்டுகளுக்கு முன் சாம்பல் படிந்த படகு வந்து சேர்ந்த யாய்சுவும் இருக்கிறது. யொக்காய்ச்சி ஆலைகளின் புகையும் மினமாதா ஆலைக்கழிவின் பாதரசமும் செய்தியாக இருந்த அதே ஆண்டு ஜூலையில் ஜப்பான் அரசு சுற்றுச்சூழல் முகமை ஒன்றைத் தொடங்கியது. கோஜிரா தன் மூச்சை உந்துவிசையாக்கி ஆகாயத்தில் பறக்கும் கேலிக்கூத்தும் அந்தப் படத்தில்தான் இருக்கிறது.

1984-இல் கோஜிரா மறுபடியும் தனியாக, பகையாக வந்தது. அமெரிக்காவும் சோவியத்தும் அதன்மேல் அணு ஆயுதம் போட அனுமதி கேட்கின்றன. ஜப்பானியப் பிரதமர் மறுக்கிறார். இப்போது உயரம் 80 மீட்டர். நகரம் வளர்ந்துவிட்டதால் விலங்கும் வளர வேண்டியதாயிற்று. 2001-இல் கனேகோ ஷுசுகே எடுத்த படத்தில் அது வெள்ளை விழிகளோடு வந்தது. பசிபிக் போரில் மாண்டவர்களின் ஆவிகள் அதற்குள் இருப்பதாகவும், தங்களை நாடு மறந்துவிட்ட சினத்தில் அவை வருவதாகவும் கதை. 1954-இன் மௌனத்துக்கு அருகே போன ஒரே கோஜிரா இது என்று சொல்லலாம். படம் அதைச் சொன்ன சில நிமிடங்களிலேயே சண்டைக்குத் திரும்பிவிடுகிறது.

ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்துக்கு ஐந்து ஆண்டு கழித்து, 2016-இல், அன்னோ ஹிதெயாகியும் ஹிகுச்சி ஷின்ஜியும் ‘ஷின் கோஜிரா’வை எடுத்தார்கள். அதில் விலங்கைவிட அதிக நேரம் திரையில் இருப்பவை கூட்டங்கள். அமைச்சர்கள் அறை மாற்றி அறை உட்கார்கிறார்கள், எந்தச் சட்டப்பிரிவில் சுடலாம் என்று கோப்பைப் புரட்டுகிறார்கள், அதற்குள் கோஜிரா ஒரு வட்டாரத்தைத் தாண்டிவிடுகிறது. கடைசியில் கான்கிரீட் இறைக்கும் லாரிகளின் நீண்ட குழாய்களால் அதன் வாயில் மருந்தை ஊற்றி உறையவைக்கிறார்கள். ஃபுகுஷிமாவில் எரிபொருள் குளத்துக்குத் தண்ணீர் இறைத்ததும் அதே வகை லாரிகள்தான் என்பது ஜப்பானியப் பார்வையாளர்களுக்கு உடனே பிடிபட்டது. கோஜிரா சாகவில்லை. உறைந்த நிலையில் தோக்கியோ நடுவே நிற்கிறது.

ஹாலிவுட் 2014-இல் எடுத்த படம் தோலை உள்புறம் வெளியாகத் திருப்பிப்போட்டது. பசிபிக் தீவுகளில் நடந்தவை சோதனைகளே அல்ல, கோஜிராவைக் கொல்வதற்கான முயற்சிகள் என்று அது விளக்கம் சொன்னது. பிகினித் தீவு மக்களும் யாய்சு மீனவர்களும் இந்த விளக்கத்தில் இடமில்லாமல் போகிறார்கள். யமசாகி தகாஷியின் ‘கோஜிரா மைனஸ் ஒன்’ 2023-இல், முதல் படம் வந்த அதே நவம்பர் 3 அன்று வெளியாகி, தற்கொலைத் தாக்குதலிலிருந்து நழுவிய ஒரு விமானியின் குற்ற உணர்வோடு 1940-களுக்குத் திரும்பியது; தோக்கியோவின் கின்சா மேல் கருமழை பெய்தது. அடுத்த மார்ச்சில் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. அணுகுண்டு செய்தவரைப் பற்றிய ‘ஓப்பன்ஹைமர்’ சிறந்த படமானதும் அதே இரவில், அதே மேடையில்.

இன்று தோக்கியோவின் ஷின்ஜுகுவில், தோஹோ திரையரங்கக் கட்டடத்தின் மேல், தரையிலிருந்து சுமார் 50 மீட்டர் உயரத்தில் கோஜிராவின் தலை எட்டிப்பார்க்கிறது. 2015-இல் அந்த வட்டாரம் அதற்குச் சுற்றுலாத் தூதர் பதவி கொடுத்தது. சாம்பல் படிந்த படகும் அதே நகரில்தான் இருக்கிறது. கதிரியக்கம் தணிந்ததும் பெயரை மாற்றி, மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பயிற்சிப் படகாக ஓட்டி, 1967-இல் எந்திரத்தைக் கழற்றி விற்றுவிட்டு, குப்பை கொட்டி நிரப்பிய யுமெநோஷிமாக் கரையில் விட்டுவிட்டார்கள். பொதுமக்கள் கண்டுபிடித்துக் குரல் கொடுத்தபின், 1976-இல் அந்த இடத்திலேயே காட்சிக்கூடம் கட்டி உள்ளே நிறுத்தினார்கள். முப்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவான மரப்படகு. யுமெநோஷிமா என்றால் கனவுத் தீவு.