கரப்புடுப்புக்கு எந்த நிழல்?

ஒரு கேம் ஸ்டூடியோவுக்குப் படங்கள் அனுப்புறதெண்டால் அவங்கட பாணியில வரையத் தெரியும் எண்டு காட்டவேணும். எல்லாரும் சொல்றதுதான். ஆனால், பாணி எண்டால் என்ன? அதிலதான் நாங்கள் மூன்றுபேரும் இன்னும் சண்டை பிடிக்கிறம்.

சுப்பர்ஜயன்ட் 2020இல் வெளியிட்ட 'ஹேடீஸ்' கேமை எடுப்பம். ஆர்ட் டைரக்டர் ஜென் ஸீ. அந்த ஸ்டூடியோவுக்கு அனுப்புறதெண்டு கதாநாயகன் ஸக்ரியஸையே திரும்ப வரைவதில் என்ன பயன்? அவன் ஏற்கெனவே அவங்களிட்ட இருக்கிறானே! எங்களைப் பொறுத்தவரை பாணி என்பது சில முடிவுகள். நிழலைத் தனிக் கறுப்பாகவே விடுவது, நிறங்களை உரக்கப் பேசவிடுவது. அதைவிட முக்கியம், கமரா மேலிருந்து சரிவாகப் பார்க்கிறது. உருவம் திரையில சின்னன். முகத்தை எவ்வளவு நுணுக்கமாய்க் கீறினாலும் தெரியாது. வெளிவடிவத்திலேயே ஆளை மட்டுக்கட்ட வேணும்.

அதால நாங்கள் பிடிச்சது வடமோடிக் கூத்து ராசாவை. கரப்புடுப்பு இடுப்பிலிருந்து கூடுபோல விரியும். மேலிருந்து பார்த்தால் ஒரு வட்டம், நடுவில கிரீடம். எவ்வளவு சின்னதாக்கினாலும் அவர் ராசாதான்.

பிரச்சினை கிரீடத்தில வந்தது. அதிலுள்ள கண்ணாடித் துண்டுகளை அந்தக் கறுப்பு நிழல் தின்றுவிட்டது. "அவங்கட பாணி அதுதானே, விடு" என்றான் ஒருவன். வெளிச்சம் பட்டு மினுங்காத கிரீடத்தை எங்கட ஊரில ஆர் கிரீடமெண்பினம்? இரண்டுநாள் வாக்குவாதம். கடைசியில் உடுப்பு முழுக்க அவங்கட நிழல், கண்ணாடிகளில் மட்டும் நிழல் விழாது என்று தீர்த்தம்.

பத்துப் படத்தில இந்தப் பாணிக்கு மூன்றுதான். மற்ற ஏழும் வேற இடங்களுக்கும் போகவேணுமே.