பூஞ்சையும் தழும்பும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எழுபது வயதுக்கு மேல் 'கிம்ப்' என்ற இலவச மென்பொருளில் படம் திருத்தக் கற்றபோது அந்தப் படிப்பு கைகொடுத்தது. 'லேயர்' என்றால் என்னவென்று பிடிபடவே இல்லை. மெனுவை பிரெஞ்சுக்கு மாற்றினேன். அங்கே அதன் பெயர் 'கால்க்'. பள்ளியில் வரைபடத்தின் மேல் வைத்து நகலெடுத்த மெல்லிய தாளுக்கும் அதே பெயர்தான். அடியில் இருப்பதைத் தொடாமல் மேல் தாளில் வேலை செய்ய வேண்டும், அவ்வளவே என்று விளங்கிவிட்டது.

முதலில் எடுத்தது அம்மாவின் ஒரே புகைப்படம். ஸ்கேன் செய்து 'லெவல்ஸ்' கொண்டு மங்கலைச் சரிசெய்தேன். பிறகு 'ஹீல்' கருவி. கன்ட்ரோல் விசையை அழுத்தி நல்ல இடத்தைக் காட்டினால், அந்தச் சாயலை எடுத்துப் பழுதை மூடும். பூஞ்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கன்னத்தில் அம்மைத் தழும்புகள் மிஞ்சின.

"அதையும் எடுத்துடுங்கப்பா, அழகா இருக்கும்" என்றாள் மகள்.

நான் எடுக்கவில்லை. பூஞ்சை காகிதத்துக்கு வந்தது. தழும்பு அம்மாவுடையது. பேரப்பிள்ளைகள் என் அம்மாவைப் பார்த்ததே இல்லை. இந்தப் படத்தில்தான் பார்க்கப் போகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் பழைய படங்கள் இருந்தால் முதலில் ஸ்கேன் செய்து ஒரு பிரதியைத் தனியே வையுங்கள். திருத்துவதெல்லாம் அப்புறம்.