மூணா... ஆறா?

பி.காம். படித்தவனுக்கு பாட்டனியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்த விஷயத்துக்கு ஆறு வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

ஐரோப்பாவில் செப்டம்பர், அக்டோபரில் புல்வெளிகளில் இளம் ஊதா நிறத்தில் ஒரு பூ பூக்கும். அப்போது இலையே இருக்காது. மண்ணிலிருந்து நேரே பூ. இங்கிலீஷ்காரன் அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘நேக்கட் லேடீஸ்’. (இலை இல்லாததைச் சொன்னான் சார், உடனே விசா ஆபீசுக்கு ஓடாதீர்கள்!) இன்னொரு பெயர் ‘ஆட்டம் குரோக்கஸ்’. வம்பே இந்தப் பெயரில்தான். குங்குமப்பூதான் நிஜமான குரோக்கஸ். அதுவும் இதே சீசனில் இதே ஊதாவில்தான் பூக்கும். இதுவோ கால்ச்சிகம் என்ற வேறு குடும்பத்துச் செடி. பூ, இலை, விதை, கிழங்கு எல்லாமே விஷம்.

எனக்கு இது தெரிந்ததே எங்க பெரியப்பாவின் கால் கட்டைவிரல் புண்ணியத்தில்தான். ‘கவுட்’ வந்து வீங்கியதற்கு டாக்டர் கால்ச்சிசின் மாத்திரை கொடுத்து, “அளவு தாண்டினா ஆபத்து” என்று மிரட்டி அனுப்பினார். என்னடா இது என்று தேடிப் படித்தேன். இந்தச் செடியின் விஷம்தான் அந்த மருந்து!

போன செப்டம்பரில் மியூனிக்கில் வேலை பார்க்கும் நண்பனிடமிருந்து போன்.

“மச்சி, இங்க குங்குமப்பூ ஓசியிலயே கிடைக்குதுடா! உன் தங்கச்சிக்கு அஞ்சாம் மாசம். பால்ல போட்டுக் குடுக்கப் போறேன்.”

எனக்குப் பகீரென்றது.

“இருடா. பூவுக்குள்ள மகரந்தத் தூள் ஒட்டின குச்சி எத்தனை? எண்ணு.”

“ம்... ஆறு.”

“தூக்கிப் போட்டுட்டு கையைக் கழுவு!”

கணக்கு இவ்வளவுதான். குரோக்கஸ் என்றால் மூன்று மகரந்தத் தாள். கால்ச்சிகம் என்றால் ஆறு. தோட்டங்களில் மஞ்சளாகப் பூத்து குரோக்கஸ் மாதிரியே ஏமாற்றும் ஸ்டெர்ன்பெர்ஜியாவுக்கும் ஆறுதான். இலையும் காட்டிக் கொடுக்கும். குரோக்கஸ் இலை புல் மாதிரி ஒல்லி, நடுவில் வெள்ளைக் கோடு. கால்ச்சிகம் இலை அகலமானது; வசந்தத்தில்தான் வரும். அதைக் காட்டுப்பூண்டுக் கீரை என்று பறித்துச் சமைத்துச் செத்தவர்கள் உண்டு. சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்றைக் கலக்கும். அப்புறம் டாக்டர் கையிலும் மாற்று மருந்து கிடையாது.

மூன்று இருந்தாலும் குங்குமப்பூ என்று குதிக்காதீர்கள். காட்டு குரோக்கஸ்களுக்கும் மூன்றுதான். குங்குமப்பூ விதையே வைக்காது. மனுஷன் கிழங்கு நட்டால்தான் உண்டு. காஷ்மீர் பாம்போரில் ஒரு கிராமுக்குச் சுமார் 150 பூவைப் பறித்து, பூவுக்கு மூன்றாகச் சிவப்பு இழையைக் கிள்ளி எடுக்கிறார்கள். அது எப்படி சார் ரோட்டோரம் ஓசியில் கிடைக்கும்?

இதெல்லாம் சீமைச் சமாசாரம் என்கிறீர்களா? நம் மாநில மலர் செங்காந்தள், கால்ச்சிகத்துக்குச் சொந்தக்காரி. அதே குடும்பம், அதே விஷம். திண்டுக்கல், கரூர் பக்கம் மருந்துக் கம்பெனிகளுக்காகவே அதன் விதையை விளைவிக்கிறார்கள். அடுத்த முறை வேலியோரம் பார்த்தால், தொடாமல் எண்ணிப் பாருங்கள்.

ஆறு இருக்கும்.