விழுவதும் மிதப்பதும்

பிள்ளைகளே, பணிக்காலம் முழுக்க இயற்பியல் நடத்தியவன் நான். ஓய்வுக்குப் பிறகும் பள்ளிகள் கூப்பிட்டால் போவேன். விண்வெளியில் ஏன் மிதக்கிறார்கள் என்று கேட்டால், "அங்கே ஈர்ப்பு இல்லை சார்" என்ற பதில்தான் எந்த வகுப்பிலும் முதலில் வரும். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் அங்கேயும் உண்டு. சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்பாத பிள்ளையை எனக்குப் பிடிக்கும்.

அவர்களை ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அழைத்துப் போவேன். பாட்டிலின் அடிப்பக்கம் ஆணியால் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியைக் கழற்றினால் பீய்ச்சும். அப்படியே படிக்கட்டின் மேலிருந்து கையை விட்டால், விழுகிற நேரம் முழுக்க ஒழுக்கு நின்றுவிடும். பாட்டிலும் தண்ணீரும் சேர்ந்தே விழுகின்றன. ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை. எடையின்மை என்பது அவ்வளவுதான். பிறகு மதிலோரம் நின்று நியூட்டன் கற்பனை செய்து பார்த்த பீரங்கியைச் சொல்வேன். 1751 வாலிகண்டபுரப் போரைப் பார்த்த கோட்டைக்குப் பீரங்கி புதிதா என்ன! வேகம் கூடக் கூடக் குண்டு தள்ளிப் போய் விழும். காற்றை மறந்துவிட்டு, நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகம் கொடுங்கள். அது விழ விழத் தரையும் வளைந்து விலகிக்கொண்டே போகும். விண்வெளி வீரர்களும் ஓயாமல் விழுந்துகொண்டிருப்பவர்கள்தாம்.

2025 ஜூனில் நிலையத்துக்குப் போன இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா, காலைக் கட்டிக்கொண்டுதான் பிரதமரோடு பேசினார். இல்லாவிட்டால் மேலே போய்விடுவாராம். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் உடற்பயிற்சி இல்லையென்றால், அங்கே இடுப்பு போன்ற பாரம் தாங்கும் எலும்புகள் மாதம் 1 சதவீதத்துக்கு மேல் தேயும். அதனால்தான் மாதக்கணக்கில் தங்குவோர் தினமும் சுமார் 2 மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள். ஓடுவதற்குக்கூடப் பட்டையால் தங்களைக் கீழே இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். நமக்கு இலவசமாகக் கிடைக்கிற பாரத்தை அவர்கள் பாடுபட்டு உண்டாக்கிக்கொள்கிறார்கள். "சுமை தாங்கலை சார்" என்று தேர்வுக் காலத்தில் வந்து நிற்கும் பிள்ளையிடம் இதைத்தான் சொல்வேன். சுமக்காத தோளுக்கு வலு எங்கிருந்து வரும்?

ஜூலை 15-இல் பூமிக்குத் திரும்பிய சுக்லாவுக்குக் கைபேசியே கனத்ததாம். படுக்கையில் இருந்தபடி மடிக்கணினியை மூடி, மிதக்கும் என்ற பழக்கத்தில் பக்கத்தில் விட்டிருக்கிறார்; அது நேரே தரைக்குப் போனது. உடைந்ததா என்று கேட்காத வகுப்பே இல்லை. நல்லவேளை, கீழே தரைவிரிப்பு இருந்தது.