தட்டில் மிச்சம் வைக்கும் பிள்ளை

பள்ளிக்கூடத்தில் முகாம் என்றால், வேனை விட்டு இறங்கியதும் நான் தேடுவது சத்துணவு அமைப்பாளரைத்தான். தலைமை ஆசிரியருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, டாக்டரும் ஃபார்மசிஸ்ட்டும் மேசை போட்டு உட்காருவதற்குள் சமையல்கூடத்துப் பக்கம் போய்விடுவேன். "யாருக்கா சோத்த மிச்சம் வைக்கிறது?" என்று கேட்டால் போதும். எந்தப் பிள்ளை முட்டையை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றைக் கொட்டுகிறது, எது இரண்டாம் தடவையும் தட்டை நீட்டுகிறது, எது கொஞ்ச நாளாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று வகுப்புவாரியாகச் சொல்லிவிடுவார். எடை மெஷின் இன்றைய எடையைச் சொல்லும். போன மாதம் அந்தப் பிள்ளை எப்படி இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

நான் பள்ளிச் சிறார் நலக்குழு ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். 2013 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம்) திட்டத்தில் வரும் குழு இது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரைக்கும் பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகையில் 30 கோளாறுகளைத் தேடிப் பார்க்க வேண்டும். அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை. தேனி மாவட்டத்தில் தேவதானப்பட்டியும் அதைச் சுற்றிய ஊர்களும் எங்கள் பொறுப்பு. வடக்கே மஞ்சளாறு அணை, அதன் தலைக்கு மேல் கொடைக்கானல் மலை, மேற்கே பெரியகுளம். மாந்தோப்பும் தென்னந்தோப்பும்தான் பாதிப் பேருக்குப் பிழைப்பு. மாசியில் மூங்கிலணைக் காமாட்சி அம்மன் திருவிழா நடக்கிற நாட்களில் முகாம் போட மாட்டோம். போட்டால் பாதி வகுப்பு கோயிலில் இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு நாள். அந்த நாளிலும் ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. உயரம், எடை, கண், காது, பல், தோல், நெஞ்சு எல்லாம் அதற்குள். பிள்ளையோ அன்றைக்குத் தலைவாரிப் பொட்டு வைத்து, ஊசி போடுவார்களோ என்ற பயத்தில் நிமிர்ந்து நிற்கும். நோய் அப்படி வரிசையில் வந்து நிற்காது. அதனால்தான் தினமும் அந்தப் பிள்ளையைப் பார்க்கிறவர்களை முதலில் விசாரிக்கிறேன். வகுப்பாசிரியர், சமையலம்மா, வாசலில் மிட்டாய் விற்கிற பாட்டி. பாட்டியைச் சும்மா சொல்லவில்லை. எந்தப் பையன் சிலேட்டுக் குச்சியும் சாம்பலும் தின்கிறான் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ரத்தச் சோகை இருக்கும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை என்பது இந்தியாவில் 1909இல் பரோடாவில் தொடங்கியது. 1946இல் அறிக்கை கொடுத்த போர் (Bhore) சுகாதாரக் குழு, அப்படி ஒரு சேவை நாட்டில் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று எழுதியது. நம் பக்கத்தில் மருத்துவத்தை முந்திக்கொண்டு பள்ளிக்குள் நுழைந்தது சோறு. 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி, பிறகு காமராஜரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. அந்த வரிசை சரி என்றுதான் எனக்குப் படுகிறது. வெறும் வயிற்றில் வருகிற பிள்ளைக்கு ஸ்டெதஸ்கோப் வைத்து என்ன கண்டுபிடிக்க?

காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகள் மயங்கி விழுவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். தோட்ட வேலைக்குப் போகிற தாய் விடியுமுன் கிளம்பிவிடுவாள். பழைய சோறு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வரக்காப்பி. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் "இப்பல்லாம் யாரும் விழுறதில்ல சிஸ்டர்" என்கிறார்கள். ஆனால் அந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்குப் போகிற அதே பிள்ளை, அதே வீட்டிலிருந்து, அதே வெறும் வயிற்றோடு வருகிறது. உயர்நிலைப் பள்ளி முகாமில் நான் ஆறாம் வகுப்பில்தான் அதிக நேரம் இருப்பேன். "காலைல என்ன சாப்பிட்ட?" என்றால் எல்லாம் "இட்லி" என்று சொல்லும். "சட்னி என்ன?" என்று அடுத்த கேள்வி கேட்டால் முழிக்கும்.

கண் பரிசோதனை வெளியிலிருந்து பார்க்க மிகச் சுலபமான வேலை. ஆறு மீட்டர் தூரம் அளந்து கோடு போட்டு, சுவரில் அட்டையை மாட்டி, ஒரு கண்ணை மூடச் சொல்லிப் படிக்க வைப்பது. 2009இல் வந்த கண்ணொளி காப்போம் திட்டத்துக்குப் பிறகு ஆசிரியர்களே இதைச் செய்யப் பழகிக்கொண்டார்கள். ஆனால் வரிசையில் நிற்கிற பிள்ளைக்குக் காது இருக்கிறதே! முன்னால் பத்துப் பேர் சத்தமாகப் படித்த கடைசி வரி பதினோராவது பிள்ளைக்கு மனப்பாடம். அட்டையைப் பார்க்காமலே ஒப்பித்துவிடும். படிக்கத் தெரியாது என்று வாத்தியார் நினைத்துவிடக் கூடாதே என்பது அதன் கவலை. அதனால் நான் எழுத்து அட்டையை விட்டுவிட்டு ஆங்கில 'E' அட்டையை வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் திருப்பித் திருப்பிக் காட்டி, கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று விரலால் காட்டச் சொல்வேன். மீதிப் பேரை வெளியே நிறுத்திவிடுவேன். உள்ளங்கையால் கண்ணைப் பொத்த விட மாட்டேன். அழுத்திப் பொத்தினால் கையை எடுத்ததும் கொஞ்ச நேரம் அந்தக் கண் மங்கும். நல்ல கண்ணும் கெட்ட கண்ணாகக் கணக்கில் ஏறிவிடும். நோட்டு அட்டையைக் கிழித்துக் கொடுப்பது மேல்.

கண்ணாடி வந்த பிறகுதான் உண்மையான பாடு. 'சோடாபுட்டி' என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து பைக்குள்ளேயே கிடக்கிற கண்ணாடிகள் எத்தனையோ. பெண் பிள்ளை என்றால் வீட்டிலும் யோசிப்பார்கள், நாளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டாமா என்று. ஒரு ஆசிரியை ஒரு காரியம் செய்தார்: தனக்குப் பவர் கண்ணாடி இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, கழற்றிவிட்டுக் கரும்பலகையில் எழுதினார். எழுத்து கோணல்மாணலாகப் போனது, வகுப்பே சிரித்தது. மறுநாள் நான்கைந்து கண்ணாடிகள் பையிலிருந்து வெளியே வந்தன. நான் மணிக்கணக்காகப் பேசினாலும் நடந்திருக்காது.

பல்லைப் பற்றி ஒன்றே ஒன்று. ஆறு வயதில் கடைவாயில் முளைக்கிற பல் விழுந்து முளைக்கிற பல் இல்லை, அதுதான் ஆயுசுக்கும். சொத்தையைக் காட்டினால் "பால்பல்லுதானே சிஸ்டர்" என்று சிரிக்காத பெற்றோரை நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரை நாள். சின்னப் பிள்ளைகளுக்கு ரோஸ் கலர், வளர்ந்தவர்களுக்கு நீலம். கொடுத்தாயிற்று என்று பதிவேட்டில் டிக் அடிப்பதற்கும் வயிற்றுக்குள் போவதற்கும் நடுவே ஒரு காம்பவுண்டு சுவர் இருக்கிறது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் மழையில் சாயம் போன நீல மாத்திரைகள் கிடக்கும். பிள்ளைகளைக் குறை சொல்லி லாபமில்லை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மறுநாள் மலம் கறுப்பாகப் போகும். வீட்டில் யாராவது பார்த்தால் "அந்த மாத்திரைய இனிமே தொடாத" என்று முடிந்துவிடும். கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. மதியச் சாப்பாடு முடிந்து, உட்கார வைத்து, ஆசிரியரும் கூடவே ஒன்றை விழுங்கி, பிறகு ஒரு பாட்டு பாடச் சொல்ல வேண்டும். பாடுகிற வாயில் மாத்திரையை ஒதுக்கி வைக்க முடியாது. டீயை மாத்திரைக்குப் பக்கத்தில் விடாமல், நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்பு உடம்பில் நன்றாக ஒட்டும்.

பூச்சி மாத்திரைக்கும் இதே முறைதான். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வருகிற குடற்புழு நீக்க நாளில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் பத்துப் பிள்ளைக்கு வயிறு வலிக்கும். முதல் பிள்ளையை மெல்ல அழைத்துப் போய் நிழலில் படுக்க வைக்கத் தெரிந்த ஆசிரியர் இருந்தால் ஆம்புலன்ஸ் வேண்டாம்.

எட்டாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளிடம் நான் கேட்கிற முதல் கேள்வி தண்ணீரைப் பற்றி. தலைவலி, அடிவயிற்று வலி, நீர்க்கடுப்பு என்று வருகிற பலருக்குக் காலையில் கொண்டுவந்த பாட்டில் மாலையிலும் நிறைந்தே இருக்கும். குடித்தால் போக வேண்டும். போகிற இடம் சரியில்லை, தாழ்ப்பாள் இல்லை. இதற்கு என் மருந்துப் பெட்டியில் எதுவும் இல்லை. 2011இல் வந்த புதுயுகம் திட்டத்தில் நாப்கின் கொடுக்கிறார்கள், நல்லதுதான். அதை மாற்ற ஒரு தாழ்ப்பாள் போட்ட கதவும் ஒரு வாளித் தண்ணீரும் வேண்டுமே. குறிப்பில் "சிறுநீர்த் தொற்று" என்று எழுதிவிட்டு, தலைமை ஆசிரியரிடம் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசுவேன். சிலர் அன்றைக்கே ஆளை விட்டுப் போட்டுவிடுவார்கள். சிலர் "ஃபண்டு வரட்டும்" என்பார்கள். ஒரு தாழ்ப்பாள் என்ன விலை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கோடையை ஒட்டி அம்மை வரும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா, அதற்கு முன்னும் பின்னும் "ஆத்தா வந்திருக்கா" என்று லீவு லெட்டர்கள். இதில் நான் வீட்டாரோடு மல்லுக்கு நிற்பதில்லை. வாசலில் வேப்பிலை செருகி, வெளியாளை விடாமல், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பது கொப்புளம் காய்ந்து பொருக்கு விடும்வரை பிறருக்கு ஒட்டாமல் காக்கிற காரியம்தான். நகத்தை வெட்டுங்கள், அரிப்புக்குக் களிம்பு தடவுங்கள், காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம் என்று மூன்றை மட்டும் சேர்த்துச் சொல்வேன். மாறாக, சொறி வந்தால் யாரும் லீவு விடுவதில்லை. விரலிடுக்கில் பொரிப்பொரியாக இருக்கிற பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பினால் அடுத்த மாதம் திரும்பி வரும். வீட்டில் அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் கழுத்துக்குக் கீழே பூசி, போர்வை பாயெல்லாம் வெந்நீரில் அலசி வெயிலில் போட்டால்தான் ஒழியும்.

டெங்கு கொசு பகலில் கடிக்கும். அதற்கும் பள்ளிக்கூட நேரம்தான் வேலை நேரம். தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் காயவைக்கிற பள்ளியும் உண்டு, சுவரில் டெங்கு போஸ்டரை மட்டும் ஒட்டிவைக்கிற பள்ளியும் உண்டு.

கண்டுபிடிப்பது பாதி வேலைகூட இல்லை. டாக்டர் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, ஜன்னலைச் சாத்தி, ஒரு பையன் நெஞ்சில் வேண்டாத சத்தம் ஒன்றைக் கேட்டுவிட்டார் என்று வையுங்கள். சீட்டு எழுதியாயிற்று: தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தேவதானப்பட்டியிலிருந்து பெரியகுளம் வழியாகத் தேனி, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து மருத்துவமனை இருக்கிற க.விலக்கு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான், ஆனால் அன்றைய கூலி போய்விடும். போன் போட்டால் அந்தத் தாய், "மாங்கா சீசன் முடியட்டும் சிஸ்டரம்மா, பய நல்லாத்தான ஓடி ஆடித் திரியுறான்" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. பையன் ஓடித்தான் திரிகிறான். மிரட்டினால் போனை எடுக்க மாட்டாள். "எந்தக் கிழமை வேலை கம்மி?" என்று கேட்பேன். அந்தக் கிழமைக்குள் அதே ஊரிலிருந்து போக வேண்டிய இன்னும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துவிடுவேன். துணைக்கு ஆள் இருந்தால் கிளம்பிவிடுவார்கள்.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எங்கள் பட்டியல் சிதறும். ஒரு ஊர்த் தொடக்கப் பள்ளியின் பிள்ளைகள் மூன்று நான்கு உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பிரிந்து போவார்கள். மாற்றுச் சான்றிதழில் மச்சம்கூட இருக்கும். கண்ணாடி போட வேண்டிய பிள்ளை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிற பிள்ளை, ஓடவிடக் கூடாத பிள்ளை என்பதற்கு இடம் இல்லை. கணினியில் எல்லாம் ஏற்றித்தான் இருக்கிறது, ஆனால் புது வகுப்பாசிரியர் அதைத் திறந்து பார்க்கும் முன்னே விளையாட்டு பீரியடு வந்துவிடும். அதனால் ஜூனில் பள்ளி திறக்கிற வாரம் அந்தப் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய், புது வகுப்பாசிரியர் கையிலும் பி.டி. வாத்தியார் கையிலும் ஒவ்வொன்று கொடுத்துவிட்டு, அப்படியே சமையல்கூடத்துக்கும் ஒரு நடை போய் வருகிறேன்.