போனும் போங்காவும்

அத்திப்பட்டில் குடியிருப்பவனுக்கு ஸ்பானிஷ் இலக்கணம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி ரயிலின் சத்தம். மறுபக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி. நடுவில் இருப்பவனுக்குத் தமிழ் இலக்கணமே அதிகம். ஆனால் என் தங்கை மகன் சிலி நாட்டுத் துறைமுகம் ஒன்றுக்கு வேலைக்குப் போகிறான். அதற்கு முன் இரண்டு மாதம் என் வீட்டில் தங்கி, திண்ணையில் உட்கார்ந்து, அந்த மொழியை உரக்கப் படித்தான். காதுள்ளவன் தப்ப முடியுமா?

அன்று ஏவல் வினைப் பாடம்.

"மாமா, நம்ம 'வை', 'வையுங்கள்' மாதிரிதான் அங்கேயும். நீ என்று கூப்பிடுகிறவனிடம் 'போன்' என்றால் 'வை'. மரியாதைக்குரியவரிடம் 'போங்கா' என்றால் 'வையுங்கள்'."

"வைக்கச் சொல்வதற்குப் 'போங்க' என்கிறானா? நல்ல ஊரப்பா!"

அதோடு விடவில்லை அவன். இப்படி ஏவும்போது 'அதை' என்ற சொல் வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளுமாம். 'போங்கலோ' என்றால் 'அதை வையுங்கள்'. தை மாதம் பானையைச் சுற்றி நின்று நாம் கூவுவது ஒரு ஸ்பானியன் காதில் விழுந்தால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவான்!

மற்றபடி விதி எளிது. 'ஆப்லா' என்றால் பேசு. கடைசி 'ஆ'வை 'ஏ'யாக்கி 'ஆப்லே' என்றால் பேசுங்கள். 'கோமே' என்றால் சாப்பிடு; 'கோமா' என்றால் சாப்பிடுங்கள். இந்த மரியாதை வடிவம் விருப்பத்தைச் சொல்லும் வினையிலிருந்து வாங்கிய கடன். கூட்டத்தில் 'வீவா' என்று கோஷமிடுகிறார்களே, அதுவும் அந்த வடிவம்தான். நம்முடைய 'வாழ்க'!

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சுமார் 800 ஆண்டுகளுக்கு முந்தைய நன்னூலில் வியங்கோள் இருக்கிறதே என்றேன். 'வருக', 'வாழ்க' என்பதில் வாழ்த்தும் உண்டு, வேண்டுகோளும் உண்டு, கட்டளையும் உண்டு. பெரியவருக்குக் கட்டளையிட எந்த நாட்டானுக்கும் கூச்சம்; அதனால்தான் ஆசைப்படுவதுபோல் சொல்லிவைக்கிறான் என்று ஒரு சிறு பிரசங்கமே செய்தேன்.

அந்தச் சமயத்தில் தண்ணீர் கேன்காரர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். தோளில் இருபது லிட்டர்.

"உள்ளே வை" என்றேன், பிரசங்கத்தை நிறுத்தாமல்.

அவர் போன பிறகு பையன் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் கேட்டான்: "மாமா, இப்போ நீங்க சொன்னது போனா, போங்காவா?"

நான் பதில் சொல்லவில்லை. நாலு வருஷமாக அந்த மனிதரிடம் 'வை', 'எடு', 'நாளைக்கு வா' என்றுதான் பேசியிருக்கிறேன். என் கதைகளில் வரும் ஏழைகளுக்கெல்லாம் தாராளமாக மரியாதை கொடுத்தவன் நான்.

இரண்டு நாள் கழித்து அவர் வந்தபோது, "உள்ளே வையுங்க" என்றேன்.

அவர் கேனை இறக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். "இன்னா சார், வேற ஆள் பாத்துட்டீங்களா?"

மரியாதை அவர் காதில் கணக்கை முடிக்கிற குரலாக ஒலித்திருக்கிறது.

"அதெல்லாம் இல்லை, பெரியவரே. உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க."

'போங்க' என்ற பிறகுதான் அவர் கேனைக் கீழே வைத்தார்.