இடிபட இருந்த பங்களா... காப்பாற்றிய பிரிவு உபசார விழா!

லண்டனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பிளெட்ச்லி பார்க் பங்களா. 1883-ல் இந்த எஸ்டேட்டை வாங்கியவர் ஹெர்பர்ட் லியோன் என்ற பணக்காரர். கோத்திக், டியூடர், டச்சு எனப் பிடித்த பாணியையெல்லாம் கலந்து பங்களாவைப் பெரிதாக்கினார். விருந்தும் விருந்தாளிகளுமாக வீடு களைகட்டியது.

அவரும் மனைவியும் காலமான பிறகு, 1938-ல் வீடு கைமாறியது. வாங்கியவர், பிரிட்டிஷ் உளவுத்துறைத் தலைவர் ஹக் சின்க்ளேர். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடுவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்ததுதான் இந்த வீட்டின் ப்ளஸ். முதலில் வந்து இறங்கிய உளவுத்துறையினர், 'கேப்டன் ரிட்லியின் வேட்டைக் குழு' என்ற பெயரில்தான் வந்தார்கள்!

போர் தொடங்கியதும் தோட்டத்தில் மரக் கொட்டகைகள் முளைத்தன. ஜெர்மனியின் எனிக்மா இயந்திரம் உருவாக்கிய ரகசியச் செய்திகளை ஆலன் டூரிங் உள்ளிட்டவர்கள் உடைத்தது அங்கேதான். 1945 தொடக்கத்தில் இந்தப் பணியில் சுமார் 9,000 பேர் இருந்தார்கள். நான்கில் மூன்று பேர் பெண்கள். அத்தனை பேரும் வாய் திறக்கக் கூடாது. போர் முடிந்து, ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்துதான் விஷயமே வெளியே வந்தது. பெற்ற பிள்ளைகளிடம்கூட சொல்லாமலே கண்ணை மூடியவர்கள் பலர்.

போருக்குப் பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, தபால் துறையின் பயிற்சி மையம் எனக் காலம் ஓடியது. 1990-களின் தொடக்கத்தில், இடித்துவிட்டு வீடுகள் கட்டலாம் என்ற பேச்சு எழுந்தது. பிழைத்தது எப்படி?

1991 அக்டோபரில், உள்ளூர் ஆர்வலர்கள் பழைய ஊழியர்களைத் தேடி அழைத்து ஒரு பிரிவு உபசார விழா நடத்தினார்கள். வந்தவர்கள் சுமார் 400 பேர். வாழ்நாளெல்லாம் மூடிவைத்திருந்த கதைகளை அவர்கள் சொல்லச் சொல்ல, 'இதையா இடிப்பது?' என்ற கேள்வி எழுந்தது. அடுத்த ஆண்டே அறக்கட்டளை உருவானது. வீடு அருங்காட்சியகமானது.

2014-ல் புதுப்பித்த வளாகத்தைத் திறந்துவைத்தவர் இளவரசர் வில்லியமின் மனைவி கேட். அவருடைய பாட்டியும் போர்க்காலத்தில் இங்கே வேலை பார்த்தவர்தான். 2023 நவம்பரில், இந்தியா உள்ளிட்ட நாடுகள் செயற்கை நுண்ணறிவின் ஆபத்துகளைப் பற்றிக் கூடிப் பேசியதும் இங்கேதான்.

அந்த 9,000 பேரின் மௌனம் அன்று ஒரு நாட்டைக் காத்தது. ஆனால், இந்த வீட்டைக் காத்தது, கடைசியில் அவர்கள் பேசிய பேச்சு. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லாத கதை ஒன்று இருக்கலாம். இன்றே கேட்டுவிடுங்கள்!